கார்ப்பரேட்டர் வண்டியா, எஃப்ஐ வண்டியா?

9 ஜூன் 2025, முக்கூடல் தம்பி ஒருவரின் கேள்வி

பழைய வண்டி ஒன்று வாங்கப் போகிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2018 மாடல், 150 சிசி, கார்ப்பரேட்டர், அதாவது காற்றோடு பெட்ரோலைக் கலக்கிற பழைய வகை. இன்னொன்று 2021 மாடல், 125 சிசி, எஃப்ஐ, அதாவது ஃப்யூவல் இன்ஜெக்ஷன், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடுகிற வகை. எஃப்ஐ வண்டி பன்னிரண்டாயிரம் கூடுதல். தினமும் முக்கூடலில் இருந்து திருநெல்வேலி பேட்டைக்கு வேலைக்குப் போய் வர வேண்டும். எங்கள் ஊர் மெக்கானிக், "எஃப்ஐ ரோட்டுல நின்னா நின்னதுதான்" என்கிறார். நம் ஊருக்குக் கார்ப்பரேட்டர்தான் சரி என்று எனக்கும் படுகிறது. அண்ணன்மார் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு, என் பதில்

கார்ப்பரேட்டர் வண்டியையே எடு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சிந்துபூந்துறையில் அக்கா வீட்டில் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதே மழை. ராத்திரியோடு ராத்திரியாகத் தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. என் 2012 மாடல் 150 சிசி கார்ப்பரேட்டர் வண்டியும் அத்தானின் 2021 எஃப்ஐ வண்டியும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மாடியில் இருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஹேண்டில்பார் மட்டும்தான் தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் என் வண்டியை வாசலில் வைத்து நானே பிரித்தேன். இன்ஜின் ஆயிலைத் திறந்துவிட்டால் பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மிதித்தேன், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கார்ப்பரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். மேலே பெட்ரோல், கீழே தண்ணீர், அதற்கும் கீழே ஆற்று வண்டல், விரல் நகத்தில் அள்ளும் அளவுக்கு. பெட்ரோல் ஏறுகிற மெல்லிய ஓட்டை உள்ள பித்தளைத் துண்டான மெயின் ஜெட்டைக் கழற்றி வானத்துக்கு நேராகப் பிடித்தேன். ஓட்டையே தெரியவில்லை. ஒயருக்குள் இருக்கும் செப்பு இழையில் ஒன்றே ஒன்றை உருவி மெதுவாக உள்ளே விட்டு, சைக்கிள் பம்பால் ஊதிவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தேன். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. டாங்கைக் காலி செய்து, ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது ஆயில் ஊற்றி மிதித்தேன். ஏழாவது மிதியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. இரண்டு தடவை ஆயில் மாற்றியதையும் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய்.

அத்தான் வண்டியில் சாவியைத் திருப்பியதும் டாங்குக்குள் இருந்து இரண்டு விநாடி 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. அன்றைக்கு அது வரவில்லை. சர்வீஸ் சென்டரில் வரிசை, பத்தொன்பது நாள் அங்கேயே கிடந்தது. பம்ப், சென்சார், ஒயரிங் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம்.

10 ஜூன்

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தனியாகக் கேட்டிருந்தாய். முன்பு வீடுகளில் கொசு மருந்து அடிக்கிற பம்ப் இருக்கும். கைப்பிடியைத் தள்ளினால் காற்று வேகமாகப் போகும், அந்த வேகம் கீழே டப்பாவில் இருக்கும் மருந்தை மேலே இழுத்துப் புகையாக்கிவிடும். கார்ப்பரேட்டரும் அதுதான். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது, காற்று ஒரு குறுகலான இடத்தைக் கடக்கும்போது வேகம் எடுக்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக ஏறி வருகிறது. கரண்டே வேண்டாம்.

எஃப்ஐயில் பம்ப் பெட்ரோலைக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தில் தள்ளுகிறது. அதைத் தூவுகிற இன்ஜெக்டர் கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவாகத் திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரம் திறப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இதற்கு பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும்.

12 ஜூன்

வள்ளியூர் அண்ணாச்சி கேட்டது: "கார்ப்பரேட்டர் அவ்வளவு நல்லது என்றால் எல்லாக் கம்பெனியும் ஏன் விட்டது?" நியாயமான கேள்வி.

எஃப்ஐ நேற்று வந்தது இல்லை. ஹீரோ ஹோண்டா 2006-லேயே கிளாமரில் எஃப்ஐ கொண்டு வந்தது. அன்றைக்கு அது விலை கூடுதலாகத் தெரிந்தது, கார்ப்பரேட்டர் கிளாமர்தான் தெருவுக்குத் தெரு ஓடியது. பஜாஜ் 2007-ல் பல்சர் 220-ஐ எஃப்ஐயோடு இறக்கி, 2009-ல் அதே வண்டியைக் கார்ப்பரேட்டருக்கு மாற்றியது. விலையும் குறைந்தது, பவரும் சற்றுக் கூடியது. ஆக, பவர் மட்டும்தான் கணக்கு என்றால் கார்ப்பரேட்டர் தோற்கவில்லை.

தோற்றது புகைக் கணக்கில். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. சைலன்சரில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு பிசகக் கூடாது. மலையேறினாலும் வெயில் அடித்தாலும் அந்தக் கணக்கைப் பிடித்து வைக்கக் கார்ப்பரேட்டரால் முடியாது. எஃப்ஐயால் முடியும். நம் பிள்ளைகள் மூச்சு விடுகிற காற்று சம்பந்தப்பட்டது. இதில் நான் எதிர்வாதம் பண்ணப் போவதில்லை.

12 ஜூன், மதியம்

இன்னொன்று. மே மாத வெயிலில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் வண்டியை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து எடுத்துப் பாருங்கள். கார்ப்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகப் போயிருக்கும், நாலைந்து மிதி மிதிக்க வேண்டும். அத்தான் வண்டி சுவிட்சைத் தொட்டதும் எடுக்கும். குளிரில் ஸ்டார்ட் பண்ணச் சோக் இழுப்பது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நம் ஊர்க் குளிருக்குச் சோக் ஒரு விஷயமே இல்லை. இங்கே வெயில்தான் பிரச்சினை.

15 ஜூன்

9-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். சின்னத் திருத்தம் இல்லை.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளக் கதையை எழுதியதைச் சொன்னதும் அத்தான் சிரித்துவிட்டு, "ஏன் மாப்ள, நான் சாவியைத் திருப்புனத எழுதுனியா?" என்று கேட்டார். எனக்கு அது தெரியவே தெரியாது. தண்ணீர் வடிந்த அன்றைக்கு விடியற்காலையில், நான் எழுந்திருக்கும் முன்னாலேயே, ஈரம் சொட்டச் சொட்ட அவர் சாவியைப் போட்டு மூன்று நான்கு தடவை செல்ஃப் அடித்திருக்கிறார். கனெக்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது கரண்டு பாய்ந்தால் பின்கள் அரித்துப் போகும், பம்ப் ஒயரும் ஷார்ட் ஆகும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சீட்டைத் தூக்கி, கனெக்டரை எல்லாம் பிரித்து இரண்டு நாள் காய வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். பக்கத்துத் தெருவில் ஒருவர் அப்படித்தான் செய்தார், அவருடைய எஃப்ஐ ஸ்கூட்டர் நாலாம் நாள் ஓடியது.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். ஆயிரத்து நூறு ரூபாயோடு என் செலவு முடியவில்லை. பொங்கலுக்குள் வீல் பேரிங் போனது, ஸ்டார்ட்டர் மோட்டார் துருப்பிடித்து இறுகியது, கிளட்ச் பிளேட் மாற்றினேன். இதற்கெல்லாம் கார்ப்பரேட்டர் காரணம் இல்லைதான். ஆனால் முதல் நாள் பில்லை மட்டும் வைத்து இரண்டு வண்டியையும் ஒப்பிட்டது தப்பு. அதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே தம்பி, பொறு.

21 ஜூன்

தென்காசியில் இருந்து ஒருவர் மலை ஏறுவது பற்றிக் கேட்டிருந்தார்.

மாமா மாஞ்சோலை எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தடவை என் வண்டியில் மேலே போயிருக்கிறேன். மணிமுத்தாறில் இருந்து ஏறும்போது முதலில் ஒன்றும் தெரியாது. ஆயிரம் மீட்டரைத் தாண்டினதும் வண்டி மூச்சு முட்டினது போல ஆகிவிட்டது. ரேஸ் கொடுத்தால் 'பொப் பொப்' என்று அடைக்கிறது, பிக்கப் இல்லை, சைலன்சரில் பெட்ரோல் வாசம். மாமா வீட்டு வாசலில் பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி பூசினது போலக் கறுப்பு. மேலே போகப் போகக் காற்று லேசாகிறது, ஆனால் ஜெட் அதற்கேற்றபடி பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதனால் கலவையில் பெட்ரோல் மிஞ்சிவிடுகிறது. எஸ்டேட்டில் வண்டி வைத்திருந்த ஒருவர் ஜெட்டுக்குள் ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு படி மேலே ஏற்றிப் போட்டுத் தந்தார். அந்தச் சிறிய தகட்டை விரல் நுனியில் பிடித்து அவர் மாட்டிய லாவகம்! வண்டி உடனே தெளிந்துவிட்டது. கீழே வந்ததும் மறுபடி பழைய இடத்துக்கே மாற்ற வேண்டியிருந்தது.

எஃப்ஐ இந்த வேலையை யாரும் கேட்காமலே செய்கிறது. காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார் பார்த்துச் சொல்லிவிடும். மாமா இப்போது கீழே வந்துவிட்டார். அந்தப் பாதையில் மறுபடி போக எனக்குக் காரணம் இல்லை.

22 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ எஃப்ஐ மலையில் பவர் குறையாதா?" என்று கேட்கிறார்கள். குறையும். காற்றே குறைவு என்றால் எரிவதும் குறைவுதான். எஃப்ஐயில் அடைக்காது, கறுப்புப் புகை வராது, அவ்வளவுதான்.

3 ஜூலை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் கருத்து மாறியது இதனால்தான்.

இரண்டு மாதமாக என் வண்டி சரியில்லை. நாற்கரச் சாலையில் எழுபதில் போகும்போது ஒரு சின்ன வெட்டு. காலையில் எடுக்க நேரம் ஆகிறது. லிட்டருக்கு 48 கொடுத்த வண்டி 45-க்கு வந்துவிட்டது. பிளக்கைக் கழற்றினால் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறது. மாஞ்சோலையில் பார்த்ததற்கு நேர் எதிர்.

காரணம் பெட்ரோல். இப்போது பங்கில் போடுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஒன்பது கிலோ போதும். இருபது சதவீதம் கலந்தால் கணக்கு பதின்மூன்றரைக்குப் பக்கத்தில் வருகிறது. அதாவது அதே காற்றுக்கு முன்பைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் போக வேண்டும். ஜெட்டுக்கு இது எப்படித் தெரியும்? அது பித்தளையில் துளைத்த ஒரு ஓட்டை. கம்பெனியில் துளைத்த அளவுக்குத்தான் விடும். காற்று மிஞ்சிய கலவை எரிந்து இன்ஜின் சூடாகிறது.

பி.எஸ். 6 எஃப்ஐ வண்டியில் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. எரிந்து வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால், பெட்ரோல் போதவில்லை என்று புரிந்துகொண்டு இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறக்கிறது.

மைலேஜ் குறைவது இரண்டுக்கும் பொது. எத்தனால் எரிந்தால் வரும் சூடு பெட்ரோலைவிடக் குறைவு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே, பத்து சதவீத எத்தனாலுக்கு அமைத்த இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று போட்டிருக்கிறார்கள். ரப்பர் ட்யூப், வாஷர் கெட்டுப் போவதும் பொதுதான். இருபது சதவீதத்துக்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023-ல் இருந்துதான். நீ பார்த்த 2018, 2021 இரண்டுமே அதற்கு முந்தியவை. ஆனால் கலவையைத் தானே சரிசெய்துகொள்ள ஒன்றால் முடியும், ஒன்றால் முடியாது.

6 ஜூலை

வண்டியைக் கல்லிடைக்குறிச்சியில் என் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். நாற்பது வருஷமாக வண்டி பார்க்கிறார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார், வியாதியைச் சொல்லிவிடுவார். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக மாற்றி, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகி, இறுகிப்போயிருந்த பெட்ரோல் ட்யூபையும் மாற்றிக் கொடுத்தார். இப்போது வெட்டு இல்லை.

உன் கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கார்ப்பரேட்டருக்கு அடிக்கடி சளி புடிக்கும் தம்பி. மூக்கச் சிந்திவிட்டா ஓடிரும். எஃப்ஐக்குச் சளி புடிக்காது. படுத்தா மட்டும் டாக்டரத் தேடணும். அந்தப் பையன் ஊர்ல டாக்டர் இருக்காரான்னு கேளு."

"எஃப்ஐ கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் உங்ககிட்ட இருக்கா அண்ணாச்சி?"

"மூத்தவன் வாங்கிட்டான். எனக்கு அதப் பாக்கத் தெரியாது, அவனுக்குக் காதால கேக்கத் தெரியாது. ரெண்டு பேரும் சேந்து பாக்கோம்."

ரோட்டில் நின்றால் நின்றதுதான் என்று உன் மெக்கானிக் சொன்னது அவரிடம் ஸ்கேனர் இல்லாததால்தான் இருக்கும். நீ தினமும் போகிற பேட்டையில், டவுனில், ஜங்ஷனில் எஃப்ஐ பார்க்கத் தெரிந்த கடைகள் நிறைய வந்துவிட்டன. நீ இருக்கிற இடத்தை மட்டும் பார்க்காதே, போகிற இடத்தையும் சேர்த்துப் பார்.

7 ஜூலை

எஃப்ஐயைக் கழற்றிவிட்டுக் கார்ப்பரேட்டர் மாட்டித் தருகிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்களாம். வேண்டவே வேண்டாம். பிளக்குக்குப் பொறி எப்போது போக வேண்டும் என்பதையும் அதே கம்ப்யூட்டர்தான் பார்க்கிறது, அதையும் மாற்ற வேண்டி வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. நாளைக்கு வண்டியை விற்பதும் கஷ்டம்.

20 ஜூலை

ஏர்வாடிப் பக்கம் போயிருந்தேன். வாழைத்தார் ஆறு கட்டிய எக்ஸ்.எல். ஒன்று திருக்குறுங்குடி ரோட்டில் எனக்கு முன்னால் போனது. டீக்கடையில் நிறுத்தியபோது பார்த்தால் எஃப்ஐ மாடல். ஓட்டி வந்த பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "எப்படி ஐயா ஓடுது?" என்றேன். "பழையதுல தெனமும் காலையில மல்லுக்கட்டணும். இதுல அது இல்ல. பெட்ரோல மட்டும் வத்த விடக் கூடாதுன்னு மவன் சொன்னான்" என்றார்.

மகன் சொன்னது சரி. பம்ப் டாங்குக்குள் பெட்ரோலில் முங்கி இருக்கிறது, அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. ரிசர்வில் போட்டுக் கடைசிச் சொட்டு வரை ஓட்டுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. எஃப்ஐயில் அது பம்பைத் தின்றுவிடும்.

எக்ஸ்.எல். செய்கிற டிவிஎஸ்ஸின் பெயரில் முதல் எழுத்தே அந்தத் திருக்குறுங்குடிதான். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-ல் அங்கே பிறந்தவர். அந்த ரோட்டில் அந்த வண்டியைப் பார்த்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

21 ஜூலை

திசையன்விளைக்காரர் தேரி மண்ணைப் பற்றிக் கேட்டதற்கு: அந்தச் செம்மண் தூசு இரண்டு வண்டிக்கும் எதிரிதான். ஏர் ஃபில்டர் அடைத்தால் கார்ப்பரேட்டர் வண்டி கறுப்புப் புகை விட்டுக் காட்டிக்கொடுக்கும். எஃப்ஐ கலவையைச் சரிக்கட்டிக்கொண்டு ஓடும், பவர் மட்டும் மெதுவாகக் குறையும், நமக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் அங்கே எஃப்ஐ வைத்திருப்பவர்கள் ஃபில்டரைத் தேதி வைத்துக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

2 ஆகஸ்ட்

சரி தம்பி, 2021 எஃப்ஐ வண்டியையே எடு. தினமும் ஓடுகிற வண்டி, தினமும் பங்குப் பெட்ரோல், போகிற ஊரில் ஸ்கேனர். ஜூன் 9-ல் நான் சொன்னதை விட்டுவிடு.

வாங்கும் முன் காலையில் போ, வண்டி ஆறிக் கிடக்கும்போது. அவர்கள் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க விடாதே. சாவியைத் திருப்பினால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படு, பல்பைக் கழற்றியிருக்கலாம். பேட்டரி எப்போது மாற்றியது என்று கேள். டாங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா பார். சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர்களைப் பார்: பச்சை பூத்திருந்தாலோ, மூலையில் காய்ந்த வண்டல் இருந்தாலோ அது 2023 வெள்ளத்தில் முங்கின வண்டியாக இருக்கலாம். விட்டுவிட்டு வா. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட வண்டிகள் பெயிண்ட் அடித்து இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

என் வண்டியை நான் விற்கவில்லை. 2027-ல் பதினைந்து வருஷம் முடிகிறது, ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப் போகிறேன். ஓட்டாத நாளில் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுகிறேன். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், கிண்ணத்தில் தேங்கினால் பச்சைப் பாசி போலப் படிந்துவிடும்.

17 ஆகஸ்ட்

வண்டி வாங்கிவிட்டாய் என்று பார்த்தேன், சந்தோஷம். சாவியைத் திருப்பினால் டாங்குக்குள் ஏதோ கத்துகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு விநாடி 'ஸ்ஸ்' என்று வந்து நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் அது பம்ப். அது வந்து நின்ற பிறகு செல்ஃபை அழுத்து.